முறுக்கு உங்கள் கையில், பீ.ஆர். யார் பெயரில்?

தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். பெயர், தோட்டம், டிவிசன் எதையும் இங்கே போடவில்லை, இரண்டொரு விவரத்தை நானே மாற்றியும் இருக்கிறேன். கதை இதுதான். வயது முப்பத்து நான்கு, இரண்டு பிள்ளைகள். கொழுந்து எடுப்பதை நிறுத்திவிட்டு வீட்டில் முறுக்கும் மிக்சரும் போட்டு, முதலில் லயத்துக்குள்ளும் (தோட்டத்து வரிசை வீடுகள்) பிறகு சம்பள நாளில் ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) வாசலிலும் விற்று வந்தார். இப்போது ஹட்டன் டவுனில் ஒரு கடை முதலாளி வாரம் நூறு பெக்கட் கேட்கிறார், ஆனால் "பீ.ஆர். கொண்டு வாங்க, பெக்கட்டில் லேபல் இருக்கணும்" என்கிறார். பீ.ஆர். என்றால் வியாபாரப் பதிவு. கணவர் கொழும்பில் வேலை. வீடு அவர் பெயரில் கிடைத்த ஏழு பேர்ச் காணியில் கட்டிய திட்ட வீடு, காணி உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. "வீடு என் பேர்லதானே, பிஸ்னசையும் என் பேர்லயே போடு" என்பது கணவரின் முடிவு. நாத்தனார் பங்கு சேர நிற்கிறார். தோட்டத் தலைவர் ஒருவர், தோட்ட வீட்டில் தொழில் செய்ய துரை (தோட்ட முகாமையாளர்) விடவே மாட்டார் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். டவுனில் இன்னொருவர் இருபதாயிரம் தந்தால் கம்பனியாகவே பதிந்து தருகிறேன் என்கிறார். மெஷின் வாங்க வாரக் கடன் எடுக்கலாமா என்றும் ஒரு யோசனை. கடைசி வரி: "பீ.ஆர். எடுத்தா வரி கட்டணுமா அக்கா, அதுதான் பயமா இருக்கு."

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன் தங்கச்சி, இல்லாவிட்டால் மற்றதை நீங்கள் நிம்மதியாக வாசிக்க மாட்டீர்கள். பீ.ஆர். எடுப்பதால் வரி வராது, வருமானத்தால்தான் வரி வரும். 2025 ஏப்ரலில் இருந்து தனியாள் வருமான வரிக்கு வருடத்துக்கு 18 இலட்சம் ரூபாய் வரை விலக்கு இருக்கிறது, அதாவது மாதம் ஒன்றரை இலட்சம். அதுவும் விற்ற சல்லி முழுக்க இல்லை, மா, எண்ணெய், பொலித்தீன், பஸ் காசு எல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் கணக்கு. நீங்கள் எழுதிய விற்பனையைப் பார்த்தால் அந்த எல்லை இன்னும் தூரத்தில் இருக்கிறது. டின் நம்பர் (வரி செலுத்துவோரின் அடையாள இலக்கம்) மட்டும் எடுத்து வையுங்கள், அதற்குக் காசு கிடையாது, வங்கியும் கேட்கலாம். வற் வரி பல கோடி விற்பவர்களின் தலைவலி, அதை விடுங்கள். ஆனால் வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதுகிற பழக்கம் இன்றைக்கே வரட்டும், ஏனென்றால் வருமானம் எல்லைக்குக் கீழேதான் என்று சொல்வதற்கும் உங்களிடம் ஒரு எழுத்து இருக்க வேண்டும்.

பீ.ஆர். என்பது பெயர்ப் பதிவு

நம் ஊரில் பீ.ஆர். என்றால் ஏதோ அரசாங்கம் தொழிலுக்கே கொடுக்கிற அனுமதி மாதிரி ஒரு நினைப்பு. உண்மையில் அங்கே பதிவது பெயரைத்தான். 1918ஆம் ஆண்டு வந்த வியாபாரப் பெயர்கள் கட்டளைச் சட்டம்தான் இதற்கு அடி. ஒருவர் தன் முழுப் பெயரை விட்டுவிட்டு வேறு பெயரில் வியாபாரம் செய்தால், அந்தப் பெயருக்குப் பின்னால் இருக்கிற ஆள் யார் என்று ஊருக்குத் தெரிய வேண்டும் என்பது அதன் நோக்கம். இன்றைக்கு இது மாகாண சபைகளின் கையில் உள்ள விடயம், விண்ணப்பத்தை எடுப்பது உங்கள் பிரதேச செயலகம். படிவம், அடையாள அட்டைப் பிரதி, கிராம சேவகரின் அறிக்கை, இடத்தைப் பற்றிய ஓர் ஆவணம், உணவு என்றால் சுகாதாரப் பக்கத்துக் கடிதம். இவ்வளவுதான் கேட்பார்கள், இடத்துக்கு இடம் ஒன்றிரண்டு கூடலாம். கட்டணத்தைக் கவுண்டரில் கட்டி ரசீது வாங்குங்கள். இருபதாயிரத்துக்கு இதில் வேலையே இல்லை. அந்த ஆள் சொல்கிற கம்பனி என்பது 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருவது, கம்பனிச் செயலாளர், வருடாந்த அறிக்கை என்று அது இழுத்துக்கொண்டே போகும். வாரம் நூறு பெக்கட்டுக்கு அந்தச் சுமை வேண்டாம், வளர்ந்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

படிவத்தைத் தமிழில் கேளுங்கள், தமிழிலேயே நிரப்புங்கள். நுவரெலியா மாவட்டத்தின் பழைய ஐந்து பிரதேச செயலகப் பிரிவுகளும் 1999இலேயே சிங்களம், தமிழ் என்ற இருமொழி நிர்வாகப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை, அதனால் அங்கே நீங்கள் தயவு கேட்கவில்லை.

இன்னொன்று. பெயரைப் பதிந்துவிட்டால் அந்தப் பெயர் எனக்கே சொந்தம், வேறு யாரும் போட ஏலாது என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. பெயரையும் அடையாளத்தையும் காப்பது வர்த்தகக் குறி, அது 2003ஆம் ஆண்டின் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் தனியாகப் பதிய வேண்டியது. இப்போதைக்கு அவசரமில்லை. ஆனால் ஏற்கனவே கடைகளில் ஓடுகிற ஒரு பெயருக்குக் கிட்ட வருகிற மாதிரி வைத்துவிடாதீர்கள், நீங்கள் கேட்டிருக்கிற இரண்டு பெயரில் இரண்டாவது அப்படித்தான் இருக்கிறது.

கணவர் பெயரா, உங்கள் பெயரா

இதைத்தான் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். வீடு யார் பெயரில் இருக்கிறதோ அவர் பெயரில்தான் தொழிலும் இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. 1923ஆம் ஆண்டின் விவாகமான பெண்களின் ஆதனக் கட்டளைச் சட்டம், கல்யாணமான பெண் தன் பெயரில் சொத்து வைக்கலாம், ஒப்பந்தம் செய்யலாம், தன் தொழிலில் வரும் வருமானம் அவளுக்கே சேரும் என்று நூறு வருடத்துக்கு முன்பே சொல்லிவிட்டது. "பொம்பளை எதுக்கும் புருசன் கையெழுத்து வேணும்" என்று உங்கள் ஊரில் சொல்கிறார்களே, அது தேசவழமையின் ஒரு துண்டு எப்படியோ மலை ஏறி வந்தது. தேசவழமையில் மனைவி காணி வீட்டை விற்பதென்றால் கணவரின் எழுத்துச் சம்மதம் வேண்டும், அது வடபகுதிக்குரிய சட்டம், மலையகத் தமிழருக்குப் பொருந்தாது. அங்கேயும்கூட முறுக்கு விற்கக் கையெழுத்துத் தேவையில்லை!

கணவர் பெயரில் பதிந்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். தனியாள் வியாபாரத்தில் ஆளும் வியாபாரமும் ஒன்றுதான். வங்கிக் கணக்கு அவர் பெயரில், செக் அவர் பெயரில், பிரதேச சபைப் படிவத்தில் கையெழுத்து அவருடையது. அவர் கொழும்பில் இருக்கிறார். ஒவ்வொரு கையெழுத்துக்கும் தீபாவளி லீவு வரைக்கும் காத்திருப்பீர்களா? அவர் வேறு எதற்காவது கடன்பட்டால் கடன்காரர் கை வைக்கிற இடத்தில் உங்கள் வியாபாரமும் இருக்கும். மறுபக்கமும் உண்டு, யாருக்காவது உணவு ஒத்துக்கொள்ளாமல் வழக்கு என்று வந்தால் சட்டிப் பக்கமே வராத மனிதருக்கு அழைப்பாணை போகும். இந்தக் கடைசிக் காரணத்தை அவரிடம் சொல்லிப் பாருங்கள், என் அனுபவத்தில் மற்ற எல்லாவற்றையும்விட இதுதான் சீக்கிரம் வேலை செய்கிறது. உங்கள் கடிதத்தை வாசிக்க அவர் கெட்டவராகத் தெரியவில்லை, வீட்டையும் தொழிலையும் ஒன்றாக நினைத்துவிட்டார், அவ்வளவுதான். அவரிடமிருந்து உங்களுக்குத் தேவை, "என் பெயரில் உள்ள வீட்டில் என் மனைவி இந்தத் தொழிலைச் செய்ய எனக்குச் சம்மதம்" என்று ஒரு கடிதம், அடையாள அட்டை இலக்கத்தோடு.

உங்கள் பெயரில் பதிந்தால் கடனும் பொறுப்பும் உங்கள் தலையில்தான், அதையும் மறைக்கவில்லை.

சிக்கல் வீட்டில்தான் இருக்கிறது

டவுனில் இருக்கிறவர்களுக்கு "இடத்துக்கான ஆவணம்" என்பது ஒரு போட்டோ பிரதி. தோட்டத்தில் அதுவே ஒரு கதை. காணி அரசாங்கத்துடையது, 1992இல் இருந்து கம்பனிகளுக்குக் குத்தகை, அதில் ஏழு பேர்ச்சைப் பிரித்து வீடு கட்டிக் கொடுத்தார்கள், உறுதி இன்னும் பலருக்கு வரவில்லை. ஆகவே கணவரின் சம்மதக் கடிதத்தை மட்டும் நீட்டினால், "இவருக்கு என்ன உரித்து" என்று மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கேட்கலாம். வீடு கையளித்தபோது தந்த கடிதம் அல்லது அட்டை, மின்சார பில், கிராம சேவகரின் வதிவிட உறுதி, மூன்றையும் சேர்த்துக் கொண்டுபோங்கள். அதோடு தோட்ட முகாமையாளரிடம் "ஆட்சேபனை இல்லை" என்று ஒரு கடிதம் கேட்டுப் பாருங்கள்.

துரை விடமாட்டார் என்று தலைவர் சொன்னது அவருடைய ஊகம். நீங்கள் இன்னும் கேட்கவே இல்லையே. எழுத்தில் கேளுங்கள், அரைப் பக்கம் போதும்: வீட்டுக்குள்ளேயே செய்கிறேன், புதிதாக எதையும் கட்டவில்லை, லொறி வராது, கழிவு எண்ணெயைக் கானில் ஊற்ற மாட்டேன். பிரதியில் அலுவலகத்தின் திகதி முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டாலும் கேட்டதற்கு ஓர் அத்தாட்சி இருக்கும், அதை வைத்துப் பிரதேச செயலகத்தில் பேசலாம். பின்பக்கம் தகரம் இறக்கி ஒரு குசினி போடும் எண்ணம் இருக்கிறதே, அதை மட்டும் அனுமதி இல்லாமல் தொடாதீர்கள். அடுப்பை நகர்த்துவது வேறு, கட்டடம் கட்டுவது வேறு. அப்புறம், டவுனில் சொந்தக்காரர் விலாசத்தைப் போட்டுப் பதிந்துவிட்டு வீட்டில் சமைப்பது என்ற குறுக்கு வழியும் வேண்டாம். பரிசோதகர் எந்த விலாசத்துக்குப் போவார், சொல்லுங்கள்.

இங்கேயே பிரதேச சபையையும் சொல்லிவிடுகிறேன். உணவு செய்து விற்கிற இடத்துக்குச் சபையின் வருடாந்த வியாபார அனுமதிப்பத்திரம் தேவைப்படும். அது டிசம்பர் 31உடன் முடியும், ஆகவே வருடக் கடைசியில் அவசரப்பட்டு எடுத்தால் ஜனவரியில் மறுபடி வரிசையில் நிற்பீர்கள். எந்தச் சபை என்று பார்த்துப் போங்கள். 2018 தேர்தலோடு நுவரெலியா, அம்பகமுவ சபைகள் பிரிந்து கொட்டகலை, அக்கரப்பத்தனை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகள் வந்தன, பக்கத்துப் பக்கத்துத் தோட்டம்கூட வேறு வேறு சபையில் இருக்கும். "தோட்டம் சபைக்குள் வராது" என்று யாராவது திருப்பி அனுப்பினால் அது பழைய பாட்டு, தோட்டப் பகுதிக்குச் சபைகள் சேவை செய்யத் தடையாக இருந்த பிரிவையே 2018இல் திருத்திவிட்டார்கள்.

பீ.எச்.ஐ.யும் பீலித் தண்ணியும்

நீங்கள் பீ.ஆர். பற்றி மூன்று பக்கம் எழுதி, பீ.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) பற்றி ஒரு வரிகூட எழுதவில்லை. எனக்குப் பயம் அங்கேதான். 1980ஆம் ஆண்டின் உணவுச் சட்டம் பதிந்தவர், பதியாதவர் என்று பார்ப்பதில்லை, சாப்பிட உகந்ததல்லாத ஒன்றை விற்றால் இரண்டு பெக்கட் விற்றவருக்கும் அது குற்றம்தான். ஆகவே முதல் போக வேண்டிய இடம் பிரதேச செயலகம் இல்லை, சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம். அங்கே உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கண்டு, வீட்டில் உணவு செய்யப் போகிறேன், வந்து பாருங்கள், என்ன திருத்த வேண்டும் சொல்லுங்கள் என்று நீங்களாகவே கூப்பிடுங்கள். முறைப்பாட்டுக்குப் பிறகு வருகிற பீ.எச்.ஐ.யும் நீங்கள் கூப்பிட்டு வருகிற பீ.எச்.ஐ.யும் ஒரே ஆளாக இருந்தாலும் வேறு வேறு மாதிரிப் பேசுவார்.

அவர் பார்க்கப்போவதை உங்கள் கடிதத்தில் இருந்தே எடுத்துச் சொல்கிறேன். மா பிசைய பீலித் தண்ணி (மலையிலிருந்து குழாயில் வருகிற ஊற்றுத் தண்ணி) பிடிக்கிறீர்கள், மேலே மலையில் மருந்து அடிக்கிறார்கள், மழைக்குத் தண்ணி கலங்குகிறது. அவர் முதல் கேள்வி அதுதான், பரிசோதனைக்கு அனுப்பவும் சொல்லலாம். கொதிக்கவைத்து ஆறிய தண்ணிக்கு மூடியுள்ள ஒரு தனிப் பாத்திரம் வையுங்கள். விறகடுப்புக்கு நேர் மேலே உள்ள கரி, ஜன்னலுக்கு வலை இல்லாதது, குசினிக்குள் வந்துபோகிற கோழி, முறுக்கை ஆறவைக்க நியூஸ் பேப்பர் விரிப்பது, இவை நான்கும் காசில்லாமலோ கொஞ்சக் காசிலோ திருத்தக்கூடியவை. கறுத்த எண்ணெயில் திரும்பத் திரும்பப் பொரிக்காதீர்கள். கை போடுகிற ஒவ்வொருவருக்கும், அதாவது நாத்தனாருக்கும்கூட, மருத்துவச் சான்று கேட்பார்கள்.

லேபலில் போடுவதும் போடக் கூடாததும்

பொருளின் பெயர் (மூன்று மொழியிலும் போட்டுவிடுங்கள்), சேர்மானங்கள் கூடியதில் இருந்து குறைந்தது வரை, நிகர நிறை, செய்த திகதி, முடிவுத் திகதி, தொகுதி இலக்கம், அதிகபட்ச சில்லறை விலை, உங்கள் பெயரும் விலாசமும். தோட்டத்தில் வீட்டுக்கு இலக்கம் இல்லாமல் கடிதமெல்லாம் ஒபீஸுக்குத்தான் போகும், அதனால் டிவிசன், தோட்டம், தபாலகம் மூன்றையும் விடாமல் எழுதுங்கள். அச்சடிப்பதற்கு முன் ஒரு மாதிரியை பீ.எச்.ஐ.யிடம் காட்டிவிடுங்கள், ஐந்நூறு லேபலைக் குப்பையில் போடுவதைவிட ஒரு பஸ் பயணம் மலிவு.

எஸ்.எல்.எஸ். (இலங்கைத் தரச் சான்று) முத்திரையைப் "பார்க்க நல்லா இருக்கும்" என்று போட நினைத்திருக்கிறீர்கள். தங்கச்சி, அது அலங்காரம் இல்லை. அதைக் கொடுக்கிற இலங்கை கட்டளைகள் நிறுவனத்தின் அனுமதி இல்லாமல் போட்டால் நேராக வழக்கு. முறுக்கு விற்க அது கட்டாயமும் இல்லை.

முடிவுத் திகதிக்கு மூன்று மாதம் என்று யாரோ சொன்னதை அப்படியே எழுதாதீர்கள். கொழும்பில் மூன்று மாதம் மொறுமொறுவென்று இருக்கிறது உங்கள் பக்கத்துப் பனியில் மூன்று வாரத்தில் நமத்துப் போகும், அதுவும் நீங்கள் மெழுகுவர்த்திச் சுடரில் ஓட்டுகிற பெக்கட்டில் ஒரு ஓரத்தில் காற்றுப் போகாமல் இருக்குமா? ஒரே நாளில் செய்த பத்துப் பெக்கட்டைத் தனியே வைத்து வாரம் ஒன்றாகப் பிரித்துத் தின்று பாருங்கள். நமத்த வாரத்துக்கும் காறல் மணம் வந்த வாரத்துக்கும் எது முந்தியோ, அதற்கும் முந்தியதாகத் திகதி வையுங்கள். நிறுக்கிற தராசும் வியாபாரத்துக்கு ஏற்றதாக முத்திரை குத்தப்பட்டிருக்க வேண்டும், ஒன்லைனில் வாங்குகிற குசினித் தராசை நம்பி 200 கிராம் என்று அச்சடிக்க வேண்டாம்.

நாத்தனார், வாரக் கடன், கடை முதலாளி

நாத்தனார் பங்காளியா, கூலிக்கு உதவுகிறவரா? இதை இப்போதே முடிவெடுங்கள். பங்கு என்றால், மூலதனம் ஆயிரம் ரூபாயைத் தாண்டினாலே பங்குடைமை எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டு மோசடி தடுப்புக் கட்டளைச் சட்டம். இன்றைக்கு ஒரு தகர எண்ணெயும் ஒரு மூட்டை மாவும் அதைத் தாண்டிவிடும். எழுத்தில் இல்லாவிட்டால் நாளைக்கு மனத்தாங்கல் வரும்போது இரண்டு பேருக்கும் பிடிக்க ஒன்றுமிருக்காது. பங்காளி படுகிற வியாபாரக் கடனுக்கு நீங்களும் பொறுப்பு என்பதையும் மறக்க வேண்டாம். என்னைக் கேட்டால், முதல் ஒரு வருடம் அவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுங்கள். நாளைக்கு வெளியாளை வேலைக்கு வைத்தால் ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) உங்கள் பங்கு 12 வீதம், அவருடையது 8, ஈ.டி.எஃப். (ஊழியர் நம்பிக்கை நிதி) 3 என்று கட்ட வேண்டிவரும். தோட்டத்தில் கழித்த சம்பளச் சீட்டு உங்களுக்குப் பழக்கம்தானே, இப்போது மேசைக்கு மறுபக்கம் நிற்பீர்கள்.

வாரக் கடன் வேண்டாம். முறுக்குக் காசு உங்கள் கைக்கு வருவது கடைக்காரர் தருகிறபோது, தவணை கேட்டு ஆள் வருவது ஒவ்வொரு கிழமையும். இரண்டும் ஒத்துவராது. குழுவாகச் சேர்த்துத் தருகிற இந்தக் கடனில் ஒருவர் கட்டாவிட்டால் மற்றவர்கள் கட்டுகிற முறையில் நம் பெண்கள் பட்டதை உங்கள் லயத்திலேயே பார்த்திருப்பீர்கள். மூன்று மாதம் கையாலேயே பிழியுங்கள், பீ.ஆர். கையில் இருந்தால் வங்கியில் தொழில் கடன் கேட்கலாம்.

முதலாளியிடம் இரண்டே கேள்வி: எத்தனை நாளில் காசு, விற்காத பெக்கட் யாருடையது. முன்பு என்னிடம் வந்த ஒரு அம்மாவுக்கு ஒரு கடை நான்கு மாதம் காசு இழுத்துவிட்டு, காலாவதியான பெக்கட்டுகளைப் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்தது, எழுத்தில் எதுவுமே இல்லை. கார்பன் பில் புத்தகம் ஒன்று வாங்கி, கொடுக்கிற ஒவ்வொரு முறையும் கடைப் பக்கத்தில் ஒரு கையெழுத்து எடுங்கள். விற்று ஒப்படைத்த பொருளின் காசுக்கு வழக்குப் போட காலவரையறைச் சட்டம் தருவது ஒரே ஒரு வருடம். "தாறேன் தாறேன்" என்பதைக் கேட்டுக்கொண்டே அதைத் தாண்டிவிடாதீர்கள். சின்னத் தொகை என்றால் முதலில் மத்தியஸ்த சபைதான், அங்கேயும் அந்தப் பில்தான் பேசும்.

பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னாராம், முறுக்கோடு சேர்த்து ஸ்டோரில் கிடைக்கிற தேயிலைத் தூளையும் பெக்கட் பண்ணி விற்கலாமென்று. கழிவுத் தேயிலையை அனுமதி இல்லாமல் வைத்திருப்பதே குற்றம். அந்தப் பேச்சையே எடுக்க வேண்டாம்.

ஆக முதலில் பீ.எச்.ஐ., கையோடு துரைக்குக் கடிதம், பிறகு கிராம சேவகர், பிரதேச செயலகம், சபை. வீடு கையளித்தபோது தந்த கடிதத்தைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். அதில் உரித்தாளர் என்று கணவர் பெயர் மட்டுமா, இரண்டு பேர் பெயருமா என்று எழுதாமல் விட்டுவிட்டீர்கள். இரண்டு பேர் பெயரும் இருந்தால் அந்தச் சம்மதக் கடிதம்கூட வேண்டியிராது.